கரண்ட் கம்பியும் சேர்ந்ததுதான் மலை

போன வருசம் நாங்கள் ஐந்து பேர் பதுளை றெயினில் போனோம். அட்டன் தாண்டியதும் எல்லாருடைய போனும் வெளியில் வந்துவிட்டது. கதவடியில் நின்றபடி ஆளுக்கு முப்பது நாற்பது படம். இரவு தங்கின இடத்தில் இருந்து அவற்றில் நல்லதைத் தெரிவுசெய்து, திருத்திப் போட்டோம். திருத்துவது என்றால் என்ன? வானத்துக்குக் குறுக்கே போன கரண்ட் கம்பியை அழித்தோம். மூலையில் தெரிந்த தகரக் கூரைகளை வெட்டினோம். மிச்சம் பச்சை மலையும் கொஞ்ச முகிலும். "சுவிட்சர்லாந்து மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தர் கீழே எழுதினார். எங்களுக்கும் சந்தோசம்தான்.

அடுத்த நாள் எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தோழி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த மூலையில லயம் இருக்கணுமே, அத ஏன் வெட்டிட்டீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. வடிவாக இருக்கட்டும் என்றுதான் வெட்டினோம். ஆனால் வடிவு என்றால் ஆள் இல்லாத இடம், கம்பி இல்லாத வானம், கூரை இல்லாத மலை என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினோம். அது எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் அமெரிக்கா. ஐம்பது வருசத்துக்கு முந்திய ஒரு சின்னக் கண்காட்சி. அதன் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அழிக்கப்பட்ட இரண்டு எழுத்து

கதை 1944இல் கலிபோர்னியாவில் லோன் பைன் என்ற சிறிய ஊரில் தொடங்கட்டும். இயற்கைப் புகைப்படம் என்றதும் அமெரிக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் அன்சல் அடம்ஸ். சியரா நெவாடா மலைத்தொடரில் விடியல் வெளிச்சம் விழுவதைப் பிடிக்க அவர் அங்கே காத்திருந்தார். நாலு நாள் முகில் மறைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வானம் வெளித்தது. பின்னால் வெளிச்சம் பட்ட பனிமலை, நடுவில் இருண்ட குன்றுகள், முன்னால் புல்வெளியில் ஒரு குதிரை. இன்றைக்கும் உலகம் முழுக்க நாட்காட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் காணக்கூடிய படம் அது.

அந்த இருண்ட குன்றில் உண்மையில் இரண்டு எழுத்துக்கள் இருந்தன. லோன் பைன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேலே ஏறி, தங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்துக்களைக் கற்களில் வெள்ளை பூசிப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அடம்ஸுக்கு அது பிடிக்கவில்லை. படத்தில் இருந்து அவற்றை அழித்துவிட்டார். தான் அழித்ததை அவர் ஒளிக்கவும் இல்லை. பிறகு தன் புத்தகத்தில் அதைச் சொல்லி, செய்தது சரி என்றும் வாதாடினார்.

இதில் இன்னொரு விசயமும் உண்டு. அந்த நாட்களில் அடம்ஸ் அந்தப் பக்கம் போய்வந்தது மலையைப் படமெடுக்க மட்டும் அல்ல. லோன் பைனுக்குக் கிட்ட மன்சனார் என்ற முகாம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அடைத்துவைத்த மக்களில் பத்தாயிரம் பேர் வரை அங்கே இருந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையையும் அடம்ஸ் படமெடுத்தார், 1944இலேயே அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். ஆகவே அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்த மனிதர் அல்ல. ஆனால் முகாம் ஒரு புத்தகத்துக்குள் போனது, மலை இன்னொரு படத்துக்குள் போனது. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கு என்பது மலைப் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

வெறுமையாக்கப்பட்ட நிலம்

இந்தப் பழக்கம் அடம்ஸோடு தொடங்கியதும் அல்ல. யொசமிட்டி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அவானிச்சி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். 1851இல் மரிப்போசா படையணி என்ற ஆயுதக் குழு உள்ளே நுழைந்து அவர்களைத் துரத்தியது. அதற்குப் பிறகு பத்தே வருசத்தில், 1861இல், கார்ல்டன் வொட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் கோவேறு கழுதைகளில் பெரிய கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் ஏற்றிக்கொண்டு போனார். ஆள் நடமாட்டம் இல்லாத பாறைகள், அசையாத நீர், ஓங்கிய மரங்கள் என்று அவர் கொண்டுவந்த படங்கள் கிழக்குக் கரையில் இருந்த அரசியல்வாதிகளை அசத்தின. 1864இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

நல்ல காரியம்தானே? ஓம், நல்ல காரியம்தான். படம் காட்டைக் காப்பாற்றியது. அதே படம், அங்கே எப்போதும் யாருமே இருந்ததில்லை என்ற எண்ணத்தையும் சேர்த்துப் பரப்பியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

அன்சல் அடம்ஸ் விசயமும் அப்படித்தான். அவருடைய படங்கள் காரணமாகக் காப்பாற்றப்பட்ட இடங்கள் உண்டு. கிங்ஸ் கன்யன் 1940இல் தேசியப் பூங்கா ஆனதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் இப்படியான படங்கள் நூறு வருசமாகக் குவியக் குவிய, மக்கள் மனதில் ஒரு கோடு விழுந்துவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இயற்கை: புனிதமானது, விடுமுறைக்குப் போய்ப் பார்க்க வேண்டியது. இந்தப் பக்கம் நாங்கள் இருக்கும் இடம்: ரோடு, கடை, வீடு, கம்பி. அது பார்க்க லாயக்கில்லாதது. பார்க்க லாயக்கில்லாத இடத்தை என்ன செய்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

உண்மையில் அந்த நேரம் அமெரிக்காவில் பெரிய மாற்றங்கள் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. 1947இல் நியூ யோர்க்குக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு தொடங்கியது. தொழிற்சாலையில் பொருள் செய்வதுபோல ஒரே அச்சில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள். 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 66,000 கிலோமீற்றர் வீதி போடத் திட்டம். வீதி போன இடமெல்லாம் பெற்றோல் நிலையம், மோட்டல், வாகனத் தரிப்பிடம், அதற்குப் பின்னால் வீட்டுத்திட்டம். பாலைவனமும் மேய்ச்சல் நிலமும் பழத்தோட்டமும் ஒரு தலைமுறைக்குள் நகரத்தின் ஓரமாக மாறின.

கமரா விற்பவர்கள் என்ன காட்டினார்கள்? நியூ யோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கொடக் கொம்பனி ஒரு விளம்பரம் வைத்திருந்தது. 60 அடி நீளம், 18 அடி உயரம், பின்னால் விளக்குப் போட்ட வண்ணப்படம். பனிமலை, ஏரி, சிரிக்கும் குடும்பம். அதற்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்களில் அன்சல் அடம்ஸும் ஒருவர். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் தாங்கள் விட்டுவந்த புறநகரை அல்ல, அந்த ஏரியைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள்.

ரொச்செஸ்டர், 1975

கொடக் கொம்பனியின் சொந்த ஊர் ரொச்செஸ்டர். அதை உருவாக்கிய ஜோர்ஜ் ஈஸ்ட்மனின் மாளிகை பிறகு புகைப்பட அருங்காட்சியகமாக மாறியது. 1975 ஒக்டோபரில் அங்கேதான் நாங்கள் சொல்ல வந்த கண்காட்சி திறந்தது. தலைப்பு 'நியூ டொபோகிரபிக்ஸ்'. துணைத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மனிதர் மாற்றிய நிலக்காட்சியின் புகைப்படங்கள்'. டொபோகிரபி என்பது ஓர் இடத்தை அளந்து, உள்ளது உள்ளபடி விவரிப்பது. நில அளவையாளர் செய்யும் வேலை. கவிஞருடைய வேலை அல்ல. தலைப்பிலேயே விசயம் இருந்தது.

ஒழுங்கு செய்தவர் வில்லியம் ஜென்கின்ஸ் என்ற உதவிக் காப்பாளர். பத்துக் கலைஞர்கள், 168 படங்கள். ரொபர்ட் அடம்ஸ் (அன்சல் அடம்ஸுக்குச் சொந்தம் அல்ல, பெயர்தான் ஒன்று), லூயிஸ் போல்ட்ஸ், ஜோ டீல், ஃபிராங்க் கோல்கே, நிக்கலஸ் நிக்சன், ஜோன் ஷொட், ஸ்டீவன் ஷோர், ஹென்றி வெஸ்ஸல், ஜெர்மனியில் இருந்து பேர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி. ஷோரின் படங்கள் மட்டும் கலர், மற்ற எல்லாம் கறுப்பு வெள்ளை.

படங்களில் என்ன இருந்தது? பாதி கட்டிய வீடு. தொழிற்பேட்டைச் சுவர். மோட்டல். வாகனத் தரிப்பிடம். நிலக்கரி ஆலை. வந்து பார்த்தவர்களில் பலருக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் இதைப் படமெடுக்க வேணும், இதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோமே என்ற எரிச்சல். பெரிய சலசலப்பு ஒன்றும் இல்லாமல் கண்காட்சி முடிந்தது. நிலக்காட்சிப் புகைப்படம் என்ற துறையையே திருப்பிப் போட்ட நிகழ்வாக அது பேசப்பட்டது பிறகுதான்.

இந்தப் பார்வை திடீரென்று வானத்தில் இருந்து விழவில்லை. ஜென்கின்ஸ் தன் முன்னுரையில் எட் ருஷே என்ற ஓவியரைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். ருஷே 1963இல் 'இருபத்தாறு பெற்றோல் நிலையங்கள்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். உள்ளே சொன்னபடி இருபத்தாறு பெற்றோல் நிலையங்கள், வேறொன்றும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஏற்க மறுத்தது. அவர் அந்த மறுப்பையே விளம்பரமாகப் போட்டுப் புத்தகத்தை விற்றார். ருஷேயிடம் இருந்தது குறும்பு. 1975இல் வந்தவர்கள் அந்தக் குறும்பை எடுத்துவிட்டு, உற்றுப் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நாலு விதமான பார்வை

ரொபர்ட் அடம்ஸ் கொலராடோவில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். தான் நேசித்த மலையடிவாரம் வருசத்துக்கு வருசம் வீட்டுத்திட்டமாக மாறுவதைப் பார்த்துக் கமராவைத் தூக்கினார். 1974இல் வந்த 'புதிய மேற்கு' என்ற அவருடைய புத்தகத்தில் எங்களை நிறுத்திய ஒரு படம் இருக்கிறது. புதிதாகக் கட்டிய ஒரு சின்ன வீடு. வெட்டி விட்ட புல்தரை. பட்டப்பகல் வெயில். யன்னலுக்குள்ளே ஒரு பெண்ணின் கரிய நிழலுருவம். முகம் தெரியாது. அவ்வளவுதான். அந்த வீடு அவள் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கலாம், அவளை அடைத்துவைத்ததாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று அடம்ஸ் சொல்லவில்லை.

அவரிடம் நாங்கள் கண்ட முக்கியமான விசயம் வெளிச்சம். விற்க வந்த வீட்டின் மலிவான சுவரிலும், வெட்டிப்போட்ட மண்ணிலும், மலையுச்சியில் விழும் அதே வெயில்தான் விழுகிறது. நாங்கள் கெடுத்துவிட்ட இடம் என்பதற்காகச் சூரியன் குறைத்து எரிப்பதில்லை. கெட்டுப்போன இடத்தை வெறுத்தும் அவர் படமெடுக்கவில்லை, புகழ்ந்தும் எடுக்கவில்லை. இது இன்னும் எங்களுடைய இடம்தான், திரும்பிப் பார் என்றார்.

லூயிஸ் போல்ட்ஸ் அந்தளவுக்கு இளகியவர் அல்ல. கலிபோர்னியாவில் ஏர்வைன் பக்கத்தில், ஒரு காலத்தில் தோடம்பழத் தோட்டங்கள் இருந்த பகுதியில், தொழிற்பேட்டைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அவர் 51 படங்களாக எடுத்தார். யன்னல் இல்லாத சுவர், பூட்டிய கதவு, புதிதாக நட்ட ஒரு செடி. சுவர்கள் அப்படியே நவீன ஓவியம் மாதிரி இருக்கும், அவ்வளவு துப்புரவு. உள்ளே என்ன செய்கிறார்கள்? பெண்கள் போடும் காலுறையா, ஆட்களை இலட்சக்கணக்கில் கொல்லும் ஆயுதமா என்று வெளியில் நின்று சொல்ல முடியாது என்ற கருத்தில் போல்ட்ஸே ஒருமுறை பேசியிருக்கிறார். அவருடைய படங்களில் இருக்கும் பயம் அதுதான். கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை.

பெக்கர் தம்பதி 1959இல் இருந்து சேர்ந்து வேலை செய்தவர்கள். நீர்த்தாங்கி, ஊதுலை, குளிர்விக்கும் கோபுரம், எரிவாயுத் தாங்கி என்று மூடப்போகும் தொழிற்சாலைகளின் அமைப்புக்களை ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். வெயில் இல்லாத மப்பு வானம், ஒரே மட்டம், ஒரே தூரம். பிறகு ஒரே வகையானவற்றை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டமாகச் சுவரில் அடுக்குவார்கள். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் பழைய நீர்த்தாங்கி. பதினைந்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருப்பது தெரியும். இவற்றைக் கட்டியவர்களுக்கு அழகு என்ற எண்ணமே இருந்திராது. அதனால்தான் தங்கள் புத்தகத்துக்கு 'பெயரற்ற சிற்பங்கள்' என்று தலைப்பு வைத்தார்கள். 1990இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசுதான் கிடைத்தது, புகைப்படத்துக்கான பரிசு அல்ல.

ஸ்டீவன் ஷோர் கலருக்குப் போனவர். அந்தக் காலத்தில் கலர் என்றால் விளம்பரத்துக்கும் குடும்ப அல்பத்துக்கும் உரியது, 'சீரியசான' கலைக்கு அல்ல. அவர் எட்டுக்குப் பத்து அங்குலத் தகடு போடும் பெரிய கமராவை முக்காலியில் வைத்து, நாட்டின் குறுக்கே பயணம் செய்து, நாற்சந்திகளைப் படமெடுத்தார். 1975 யூன் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸில் எடுத்த ஒரு படத்தில் பெற்றோல் நிலையம், விளம்பரப் பலகைகள், விளக்குக் கம்பங்கள், கம்பிகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. நாங்கள் அழித்த அதே கம்பிகள்! ஷோருக்கு அவை இடைஞ்சலாகவே தெரியவில்லை. படத்தின் எலும்புக்கூடே அவைதான்.

மற்றவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஜோ டீல் உயரத்தில் நின்று, தொடுவானமே தெரியாமல், பாலைவனத்துக்குள் புகுந்த புது வீடுகளைச் சதுரமாகப் பிடித்தார். தொடுவானத்தை எடுத்துவிட்டால் கண் ஓடித் தப்ப இடம் இல்லை, நிலத்தைத்தான் பார்க்க வேணும்.

படம் சொல்லாதது

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பாதிப் பேருக்கு இந்தப் படங்கள் ஒரு விடுதலை. மிச்சப் பேர் கேட்டது: "எல்லாத்தையும் காட்டுறாங்கள், ஆனா ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லையே?"

அது நியாயமான கேள்வி. ஜென்கின்ஸ் தன் முன்னுரையில் இந்தக் கண்காட்சியின் மையப் பிரச்சினை பாணி பற்றியது என்றே எழுதினார். தீர்ப்புச் சொல்லாத, கைகட்டி நிற்கும் ஒரு பாணி. ஆனால் அந்த வீட்டுத்திட்டங்களுக்கு ஓர் அரசியல் இருந்தது. லெவிட்டவுனின் ஆரம்ப ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்று எழுதியே இருந்தது. அரசு உத்தரவாதம் கொடுத்த வீட்டுக்கடன்கள் கறுப்பின மக்களின் பகுதிகளைத் திட்டமிட்டுத் தவிர்த்தன. வீடு விற்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. ஒரு புறநகர் வீட்டை எவ்வளவு துல்லியமாகப் படமெடுத்தாலும், அதற்குள் யார் வரமுடியாது என்பது சுவரில் தெரியாது.

படமெடுத்தவர்கள் யார் என்பதும் கேள்விதான். பத்துப் பேரில் பெண் ஹில்லா பெக்கர் ஒருவர் மட்டும். 1985இல் டெபோரா பிரைட் என்ற புகைப்படக் கலைஞர் எழுதிய ஒரு கட்டுரை இந்த விசயத்தைப் பிடித்து உலுக்கியது. நிலக்காட்சி என்பது யாரோ ஒருவர் ஓர் இடத்தில் நின்று பார்ப்பது. நிற்பவர் எப்போதும் ஒரே மாதிரியான ஆள் என்றால், நடுநிலை என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்?

ரொபர்ட் அடம்ஸுக்கே இந்தப் போதாமை விளங்கியிருக்க வேண்டும். அவருடைய ஊர்ப்பக்கத்தில், டென்வர் நகரத்துக்கு அருகில், ரொக்கி ஃபிளட்ஸ் என்ற அணுவாயுதத் தொழிற்சாலை இருந்தது. குண்டுகளுக்கான புளூட்டோனியப் பாகங்கள் செய்த இடம். 1957இலும் 1969இலும் அங்கே பெரிய தீ விபத்துக்கள் நடந்தன. புளூட்டோனியத்தைப் படமெடுக்க முடியாது. அது நிலத்தில் இருந்தாலும் நிலம் அழகாகத்தான் இருக்கும். அதனால் அடம்ஸ் நிலத்தை விட்டுவிட்டு, அந்தச் சுற்றாடலில் கடைத்தெருக்களிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் நடந்துபோன சாதாரண ஆட்களைப் படமெடுத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய், பை சுமக்கும் வயோதிபர். 'எங்கள் வாழ்வும் எங்கள் பிள்ளைகளும்' என்று புத்தகத்துக்குப் பெயர். அந்தத் தலைப்பைப் பார்த்த பிறகு எங்கள் சண்டை கொஞ்சம் அடங்கியது.

பிறகு என்ன நடந்தது

கண்காட்சி முடிந்த வருசமே, 1976இல், பேர்ன்ட் பெக்கர் டுசெல்டோர்ஃப் கலைக் கல்லூரியில் படிப்பிக்கத் தொடங்கினார். அவரிடம் படித்தவர்கள் அன்ட்ரியாஸ் குர்ஸ்கி, தோமஸ் ஸ்ட்ரூத், கண்டிடா ஹோஃபர், தோமஸ் ரூஃப். உலகக் கலைச் சந்தையில் புகைப்படத்தின் விலையை ஏற்றிவிட்டவர்கள் இவர்கள். சின்னப் படங்கள் சுவரளவுக்கு வளர்ந்தன.

குர்ஸ்கி 1999இல் எடுத்த 'ரைன் 2' என்ற படம் 2011இல் நியூ யோர்க்கில் ஏலம் போனது. 43 இலட்சம் டொலருக்கு மேல். அதுவரை எந்தப் புகைப்படமும் அந்த விலைக்குப் போனதில்லை. படத்தில் இருப்பது பச்சைக் கரை, சாம்பல் ஆறு, சாம்பல் வானம். கரையில் நடந்த ஆட்களையும் அக்கரையில் இருந்த ஒரு மின்நிலையத்தையும் குர்ஸ்கி கணினியில் அழித்துவிட்டார். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. தொழிற்சாலைகளை முகம் முகமாகப் பதிந்தவரின் மாணவர் தொழிற்சாலையை அழிக்கிறார். லோன் பைன் குன்றில் அழிந்த இரண்டு எழுத்து நினைவுக்கு வருகிறதா? குர்ஸ்கியின் நோக்கம் வேறு. அவர் பனிமலைக் கனவை விற்கவில்லை, இன்றைய ஆறு ஒன்றின் சாரத்தை வடிக்கப் பார்த்தார். ஆனாலும் அழிப்பது என்ற வேலை எவ்வளவு லேசாகத் திரும்பி வந்துவிடுகிறது என்று யோசித்தோம்.

இன்னொரு கிளை பழைய படங்களைத் தேடிப் போனது. 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் நண்பர்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவைப் பயணங்களில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே கோணத்தில், அதே நேர வெளிச்சத்தில் நின்று திரும்ப எடுத்தார்கள். 120க்கு மேற்பட்ட இடங்கள். சில இடங்களில் நகரமே வந்துவிட்டது. சில இடங்களில் ஒரு கல்கூட அசையவில்லை. அந்த வேலையில் ஒரு வேடிக்கையும் வெளிவந்தது. விஞ்ஞானத்துக்காக எடுத்தது என்று நம்பப்பட்ட திமதி ஓ'சலிவனின் படங்களில் ஒன்றில், பாறைகள் பயங்கரமாகச் சாய்ந்து நிற்பதாகத் தெரிவதற்காகக் கமராவையே சரித்து வைத்திருக்கிறார்! அளவைப் படமும் அவ்வளவு அப்பாவி அல்ல.

ஃபிராங்க் கோல்கேயின் சொந்த ஊரான விச்சிட்டா ஃபோல்ஸைச் சூறாவளி 1979 ஏப்ரல் மாதம் சிதைத்தது. அவர் போய் இடிபாட்டை எடுத்தார். அடுத்த வருசம் அதே இடங்களுக்குத் திரும்பப் போய், மக்கள் திருத்திக் கட்டியதை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனிதர் மாற்றிய நிலம் என்றால் கெடுத்த நிலம் மட்டும் அல்ல, கட்டி எழுப்பியதும்தான் என்று அந்தச் சோடிகள் சொல்கின்றன.

கைகட்டி நிற்க மறுத்தவர்களும் வந்தார்கள். ரிச்சர்ட் மிஸ்ராக் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கக் கடற்படை குண்டு போட்டுப் பழகிய நிலத்தைக் கலரில் எடுத்து, 1990இல் புத்தகமாக்கினார். அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்கி, நாங்கள் செய்ததை எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்று திட்டமும் முன்வைத்தார். கனடாவின் எட்வர்ட் பேர்ட்டின்ஸ்கி சுரங்கங்களையும் பங்களாதேஷின் சிட்டகொங் கடற்கரையில் கப்பல் உடைக்கும் இடங்களையும் பிரமாண்டமாக எடுத்தார். அவரைப் பற்றிய 'மனிதர் செய்த நிலக்காட்சிகள்' என்ற ஆவணப்படம் 2006இல் வந்தது. அவருடைய படங்களைப் பார்த்தால் வாயைப் பிளப்போம். பிளந்த பிறகு, இவ்வளவு அழிவு இவ்வளவு அழகாக இருக்கலாமா என்று மனம் அரிக்கும். அந்த அரிப்பு நல்லது என்கிறார்கள் சிலர். சுவரில் மாட்டியதோடு அரிப்பு போய்விடும் என்கிறார்கள் சிலர்.

எங்களை அதிகம் தொட்டது லட்டோயா ரூபி ஃபிரேசியர். பென்சில்வேனியாவில் பிரடொக் என்ற உருக்காலை ஊரில் பிறந்த கறுப்பினப் பெண். 2014இல் வந்த 'குடும்பம் என்ற எண்ணம்' என்ற புத்தகத்தில் ஆலை, இடிந்த கட்டடங்கள், மூடப்பட்ட ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. அதே பக்கங்களில் அவருடைய பாட்டி, அம்மா, அவர், மூன்று பேரின் நோயுற்ற உடம்பும் இருக்கிறது. 1975இல் வந்தவர்கள் வெளியில் நின்று பார்த்த நிலத்தை ஃபிரேசியர் வீட்டுக்குள் இருந்து பார்க்கிறார். புகைபோக்கிக்கும் மூச்சுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை அளப்பதும் இடத்தை அளப்பதுதானே.

2009இல் பழைய கண்காட்சியைத் திரும்ப ஒழுங்குசெய்து பல நகரங்களுக்கும் கொண்டுபோனார்கள். முதல்தடவை எரிச்சலோடு கடந்துபோன படங்களுக்கு முன்னால் இந்த முறை மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு வெறும் சுவரையும் காலியான தரிப்பிடத்தையும் எடுத்துப் போடுவது இன்ஸ்டாகிராமில் ஒரு பாணி. பாணி மிஞ்சிவிட்டது. பார்வை மிஞ்சியதா என்பதுதான் கேள்வி. பாணி மட்டும் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது.

திரும்ப மலைக்கு

எங்கள் படத்துக்கு வருவோம். நாங்கள் இயற்கை என்று எடுத்த அந்தப் பச்சையில் இயற்கை எவ்வளவு? பிரித்தானியர் காலத்தில் மலைக்காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. பிறகு தேயிலை. தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவந்த மக்களின் கையால் நட்டு, இன்றைக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையால் கொழுந்து பறித்து, கத்தரித்து, ஒரே மட்டத்தில் வைத்திருக்கும் செடி அது. அந்த மலை முழுக்க மனிதர் மாற்றிய நிலம். நாங்கள் செய்ததோ, மாற்றிய கையை வெட்டிவிட்டு, மாற்றத்தை மட்டும் அழகு என்று வைத்துக்கொண்டது. தோழி கேட்டது ஒரு கூரையைப் பற்றி மட்டும் அல்ல.

அந்தப் படத்தை நாங்கள் நீக்கவில்லை. அதற்குக் கீழே வெட்டாத படத்தையும் சேர்த்துப் போட்டோம். லைக் குறைவுதான்.

போன மாதம் தோழி தான் எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். லயத்தின் வாசலில் நின்று எடுத்தது. முன்னால் கொடியில் காயும் உடுப்பு, ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி, பக்கத்து வீட்டின் தகரம். குறுக்கே இரண்டு கரண்ட் கம்பி. அவற்றுக்குப் பின்னால், மிகச் சின்னதாக, நாங்கள் போன றெயின் பாதையும் மலையும். அந்த வாசலில் இருந்து பார்த்தால் மலை அவ்வளவுதான் தெரியுமாம்.